தட்டைப் பக்கம் ஒன்றுதான்

ஹாக்கி மட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. பந்தைத் தொட ஒரு பக்கத்துக்குத்தான் அனுமதி. இடப்பக்கம் தட்டையாக இருக்கும், வலப்பக்கம் உருண்டிருக்கும். உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடினால் நடுவர் விசில் ஊதிவிடுவார். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது, விதி அதை அனுமதிப்பதில்லை. கிரிக்கெட்டில் இடக்கை ஆட்டக்காரர் திரும்பி நின்று ஆடலாம், டென்னிஸில் ராக்கெட்டைக் கை மாற்றிக்கொள்ளலாம். ஹாக்கியில் உலகம் முழுக்க ஒரே பிடி: இடக்கை மேலே, வலக்கை கீழே. 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், நடுவில் மடித்தால் இரு பாதியும் அப்படியே பொருந்தும் மைதானம். அதில் சரிபாதியே இல்லாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு 22 பேர் ஓடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நுட்பங்களிலும் ஆட்ட உத்திகளிலும் பெரும்பகுதி இந்த ஒரு கோணலிலிருந்துதான் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் ஹாக்கி ஊர் என்றால் கோவில்பட்டியைத்தான் சொல்வார்கள். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலம் வென்று வந்தார்கள். கொங்கு வட்டாரம் அப்படிப் பெயர் வாங்கியதில்லை. இங்கே பள்ளி விட்டதும் பையன்கள் கையில் ஏறுவது கிரிக்கெட் மட்டை. ஆனாலும் கோயம்புத்தூரில் பிறந்த ஆடம் சின்கிளேர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் முன்கள வீரராக ஆடியிருக்கிறார். ஆர்.எஸ்.புரத்தில் செயற்கைத் தரை ஹாக்கி மைதானம் அமைக்க மாநகராட்சி முன்வந்ததை இந்த ஊருக்குத் தாமதமாகக் கிடைத்த நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஹாக்கி பழகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்றும் வாய்த்திருப்பது செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலிருந்து வரும் சில மட்டைகள், பி.டி. சார் ஒருவர். அவர் என்ன சொல்லித்தருகிறார், அது ஏன் அப்படி என்பதில் நல்ல இயற்பியலும் மூளை அறிவியலும் இருக்கின்றன.

முதல் பாடமான டிரிப்பிளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பந்தை வலமிருந்து இடமாக நகர்த்துவது சுலபம், தட்டைப் பக்கம் அப்படியே தள்ளிவிடும். அதே பந்தை இடமிருந்து வலமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் மட்டையையே புரட்ட வேண்டும். அதன் வளைந்த நுனியான மூக்கு தரையைப் பார்க்கும்படி அரைவட்டம் திருப்பினால்தான் தட்டைப் பக்கம் பந்தின் மறுபுறத்துக்கு வந்து சேரும். ஆக, ஒவ்வொரு இரண்டாவது தட்டுக்கும் 180 பாகைத் திருப்பம். புதிதாக வரும் பையன் இதை இரண்டு கையாலும் சேர்த்துத் திருகப் பார்ப்பான். முழங்கை வெளியே பிதுங்கும், தோள் தூக்கிக்கொள்ளும், பந்து காலில் படும்.

“கீழ்க் கைய இறுக்காத கண்ணு. அது குழாய் மாதிரி சும்மா இருக்கட்டும். மேல் கை மட்டும் திருப்பட்டும்.”

“வழுக்குதுங்க சார்.”

“வழுக்கட்டும். அப்பத்தான் ஸ்டிக் திரும்பும்.”

சார் சொல்வதில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. திருப்புவது மேலே இருக்கும் இடக்கை மட்டும். வலக்கையின் விரல்கள் வளையமாக நின்று மட்டையைத் தாங்கும், உள்ளே மட்டை சுழலும். பந்து வலமிருந்து இடம் போகும்போது வலக்கை மெல்ல இறுகும், திரும்பும் கணத்தில் தளரும். எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் வலக்கையையே நம்பி வளர்ந்த பிள்ளைக்கு நுணுக்கமான வேலை முழுவதும் இடக்கைக்குப் போய்விடுகிறது. வலக்கைக்காரப் பிள்ளைகள் முதல் மாதம் படும் பாட்டுக்குக் காரணம் இதுதான். அவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

மட்டையைச் சுலபமாகத் திருப்ப முடிவதற்கு நம் துணைக்கண்டத்துக் கைவினைஞர்களுக்கும் பங்கு உண்டு. பழைய ஆங்கில மட்டையின் அடிப்பகுதி நீண்டு வளைந்திருக்கும். எந்தப் பொருளையும் ஓர் அச்சைச் சுற்றித் திருப்பும்போது, அச்சிலிருந்து தள்ளி இருக்கும் எடைதான் அதிகம் முரண்டு பிடிக்கும். அதே எடை இருமடங்கு தூரத்தில் இருந்தால் திருப்ப நான்கு மடங்கு முயற்சி வேண்டும். மூக்கைக் குறுக்கி வளைவை இறுக்கியதும் மணிக்கட்டின் ஒரு சொடுக்கிலேயே மட்டை புரண்டது. அப்படி இறுக்கமாக வளைக்க மல்பெரி மரம் தோதாக இருந்தது. உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழுவுக்குத் தழை தருகிற அதே மல்பெரி இனம்தான். பிரிவினைக்கு முன் சியால்கோட்டில் செழித்த இந்தத் தொழில் பிறகு ஜலந்தரிலும் வேரூன்றியது. இன்று மட்டைகள் கார்பன் இழையில் வந்தாலும் அந்தக் குறுகிய மூக்கு மாறவில்லை. உலகம் அதை இந்திய டிரிப்பிள் என்றே அழைக்கிறது.

அடுத்தது பந்தை நிறுத்துவது. 160 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டையை விறைப்பாகப் பிடித்து ஒரு சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்தப் பார்த்தால், அந்தக் கணத்தில் மட்டை தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமம். பந்து தெறித்து எதிராளி காலடியில் போய் விழும். பந்து தொடும் நேரத்தில் கையைத் தளர்த்தி மட்டையைப் பத்து சென்டிமீட்டர் பின்னால் போகவிட்டால், அதே வேலை 18 கிலோவுக்குச் சமமான விசையில் முடிந்துவிடும். பந்தின் ஆற்றல் இரண்டிலும் ஒன்றுதான், அதைக் கரைக்க எடுத்துக்கொண்ட தூரம்தான் பத்து மடங்காகிறது. “கையைக் கொடுத்து வாங்கு” என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான்.

செம்மண் தரையில் நிறுத்துவதற்கும் செயற்கைத் தரையில் நிறுத்துவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செம்மண்ணில் பந்து எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு சிறு கல் போதும், முழங்கால் உயரத்துக்குத் தாவிவிடும். அதனால் மட்டையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் உயரவாக்கில் ஒரு சுவர் கிடைக்கும். நனைத்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு தரையோடு தரையாக வரும். உயரம் தேவையில்லை, அகலம்தான் வேண்டும். மட்டையைத் தரையில் படுக்கவைத்தால் முக்கால் மீட்டருக்கு மேல் அடைபட்டுவிடும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதற்கு முன் ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குப் போனது. தரை ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. 1980-இல் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் மறுபடி தங்கம் வந்ததே. ஆனால் செம்மண்ணில் வளர்ந்த பையன் மாநிலப் போட்டிக்காகச் சென்னைக்குப் போய் முதல்முறை செயற்கைத் தரையில் இறங்கும்போது, கையில் இருக்கும் பழக்கத்தில் பாதி அவனுக்கே எதிராக வேலை செய்கிறது. செம்மண் தந்த கூரிய பார்வையும் வேகமான எதிர்வினையும் வீணாகாது. மட்டையின் கோணத்தை மட்டும் அவன் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

ஒரே அசைவை நூறு முறை செய்தால் கை பழகிவிடும் என்று நாம் நம்புகிறோம். வரிசையில் நின்று கூம்புகளைச் சுற்றிப் பந்தை ஓட்டும் பயிற்சி அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. 1920-களில் மாஸ்கோவில் நிகலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படம் பிடித்து ஒவ்வோர் அடியையும் அளந்தார். அடி ஒவ்வொன்றும் உளியின் தலையில் சரியாக விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன வழி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. தோள் கொஞ்சம் பிசகினால் மணிக்கட்டு அதை அந்த நொடியிலேயே ஈடுகட்டியது. கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாக்களைக் கேட்டால் இது அவர்களுக்குப் புதிதாக இராது. திறமை என்பது ஒரே அசைவை மாறாமல் படியெடுப்பது என்றால் அந்தத் தொழிலாளர்கள் யாரும் திறமைசாலிகள் ஆகமாட்டார்கள். ஒரே விளைவை வெவ்வேறு வழியில் எட்டத் தெரிந்ததுதான் அவர்கள் திறமை.

1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கையால் மரத்தடைகளை வரிசைப்படி தட்டிவிடும் மூன்று வேலைகளை ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்துப் பழகியது, இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் ‘இப்போது எது’ என்று மூளை புதிதாக யோசிக்க வேண்டியிருந்ததால் பாடம் ஆழமாகப் பதிந்தது. இருபது புஷ், பிறகு இருபது ஹிட், பிறகு இருபது ஸ்டாப் என்று வாங்குவதைவிட மூன்றையும் கலந்து கேட்பது நல்லது. பயிற்சி அலங்கோலமாகத் தெரியும். வேடிக்கை பார்க்கும் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் பிடிக்காமல் போகலாம். அதற்காக மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். மட்டையின் கோணல் மைதானம் முழுக்க எப்படிப் பரவுகிறது என்பது இங்கேதான் தெரியும்.

எதிரெதிரே இருவர். ஒருவனிடம் பந்து, மற்றவன் தடுப்பவன். தடுப்பவனுக்கு வலப்பக்கம் பலம், தட்டைப் பக்கம் நேராக எட்டும். இடப்பக்கம் பலவீனம், மட்டையைப் புரட்டித்தான் எட்ட வேண்டும். ஒற்றைக் கையில் எட்டினால் வலுவும் குறையும். இப்போது பந்து வைத்திருப்பவன் பக்கம் போய் நின்று பாருங்கள். எதிரே நிற்பவனின் இடப்பக்கம் இவனுக்கு வலப்பக்கம். அதாவது எதிராளியின் பலவீனமான பக்கமும் தன் பலமான பக்கமும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. அதனால்தான் பந்தை இடப்பக்கம் காட்டி ஏமாற்றி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போவது உலகெங்கும் முதலில் சொல்லித்தரும் தந்திரமாக இருக்கிறது.

இதற்குத் தடுப்பவனின் பதில், ‘வாசலை நான் வைக்கிறேன்’ என்பது. அவன் நேருக்கு நேர் நிற்பதில்லை. சற்றே தன் இடப்பக்கமாக நகர்ந்து, இடக்காலை முன்வைத்து, மட்டையைத் தரையோடு தாழ்த்தி நிற்கிறான். எதிராளி ஆசைப்பட்ட வழி அடைபட்டுவிடுகிறது. திறந்திருக்கும் வழியோ தடுப்பவனின் வலப்பக்கம், அவனுடைய தட்டைப் பக்கம் காத்திருக்கும் இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் பழக்குவது கடினம். பந்தைக் கண்டதும் பாய வேண்டும் என்றுதான் அவனுக்குத் தோன்றும். பாய்ந்தால் எடை முன்காலில் விழும், எதிராளி ஓர் எட்டு நகர்ந்தாலே இவன் கழன்றுவிடுவான். ஜாப் என்னும் குத்தை இடக்கையால் மட்டும் கொடுத்துச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். எடை பின்காலிலேயே இருக்க வேண்டும். பந்து பறிபடாவிட்டால் பரவாயில்லை, எதிராளியின் கண் ஒரு நொடி பந்துக்குக் கீழிறங்கினால் போதும். பின்னால் ஓடி வரும் தோழனுக்கு அந்த நொடி கிடைத்துவிடும்.

இதையே மைதானம் முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் வலது விங்கும் இடது விங்கும் வேறு வேறு வேலைகள் என்று புரியும். வலப்பக்கம் ஓடுபவனுக்குப் பந்து நடுவிலிருந்து, அதாவது அவன் இடப்பக்கமிருந்து வருகிறது. மட்டையின் தட்டைப் பக்கம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் கோலை நோக்கிப் பந்தை அனுப்ப வேண்டிய திசையும் இடம்தான், அதுவும் இயல்பான வீச்சு. இடது விங்குக்கு எல்லாம் தலைகீழ். பந்து வலமிருந்து மட்டையின் முதுகுப் பக்கமாக வருகிறது, அனுப்ப வேண்டியதும் வலப்பக்கம். ஒன்று காலை வைத்து உடம்பையே சுற்றித் திருப்ப வேண்டும், அல்லது மட்டையைக் கவிழ்த்து அதன் விளிம்பால் ரிவர்ஸ் ஹிட் அடிக்க வேண்டும். பல ஆட்டங்களில் ஆபத்தான தாக்குதல் வலப்பக்கமாகவே வருவதன் வேர் இது. அதைத் தடுக்கும் இடது பேக், தன் பலவீனமான பக்கத்தைப் பகைவன் குறிவைக்கும் இடத்தில் நிற்கிறான். அணியிலேயே நல்ல காலசைவு உள்ள பிள்ளை அங்கே இருக்க வேண்டும்.

உத்தியை வாயால் எவ்வளவு சொன்னாலும் பந்து காலடியில் இருக்கும்போதுதான் அது மூளையில் ஏறும். 60 நிமிட ஆட்டத்தில் 22 பேருக்கு ஒரு பந்து. சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. மூன்றுக்கு மூன்றாகப் பிரித்துச் சின்ன இடத்தில் ஆடவிட்டால் அதே ஒரு மணி நேரத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம். பதினொருவர் ஆட்டத்தில் மூலையில் மறைந்து நிற்கும் பிள்ளைக்கு இங்கே மறைய இடமே இருக்காது. பந்து இருப்பவன் ஒரு முனை, தோழர் இருவர் மற்ற இரு முனைகள் என்ற முக்கோணம், ஆடினாலே தானாக உருவாகும். தடுப்பவன் ஒரு வழியை அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும். சிறு பிள்ளை உயிரைக் கொடுத்து ஓடினாலும் அவன் சாதாரணமாகத் தள்ளிவிடும் பந்து அவனைவிட வேகமாகப் போகும். நான்கைந்து முறை பந்து தன்னை முந்துவதைப் பார்த்தபின் அவனே பாஸ் கொடுக்கத் தொடங்குகிறான்.

ஆனால் பாஸ் கொடுக்கத் தோழனைப் பார்க்க வேண்டுமே. நம் கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது இரண்டு பாகை அளவுள்ள சிறு வட்டத்தை மட்டும்தான், கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் அடைக்கும் இடம். கற்றுக்குட்டி அந்த வட்டம் முழுவதையும் பந்துக்கே கொடுத்துவிடுகிறான். பந்தைக் காலுக்கு நேரே வைத்துக்கொள்ளாமல் வலக்காலுக்கு முன்னே, சற்று வெளியே தள்ளி வைத்து ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். அங்கே இருந்தால் தலை நிமிர்ந்திருக்கும்போதும் பார்வையின் ஓரத்தில் பந்தின் அசைவு தெரியும். கூரிய பார்வை மைதானத்துக்கு மிச்சமாகும். பயிற்சியாளர் எதிரே நின்று விரல்களைக் காட்டி “எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது விளையாட்டாகத் தெரிந்தாலும் அது கண்ணுக்கான பாடம்.

பெனால்டி கார்னரைப் பிள்ளைகள் டிவியில் பார்த்துவிட்டு வந்து முதல் நாளே கேட்பார்கள். அதன் வடிவம் ஒரு விதியால் செதுக்கப்பட்டது. முதல் ஷாட்டை ஓங்கி ஹிட் அடித்தால் கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இழுத்து வீசும் பிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, 2.14 மீட்டர் உயரக் கோலின் மேல் மூலைவரை திறந்த வானம். அதில் பிறந்ததுதான் டிராக் பிளிக். ஓங்கி அடிக்கும்போது மட்டை பந்தைத் தொடுவது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. டிராக் பிளிக்கில் பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு மீட்டருக்கு மேல் பயணிக்கிறது. கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேகம் ஏறிப் பந்துக்குள் போகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, 14.63 மீட்டர் தொலைவிலுள்ள ‘டி’ எனும் அரைவட்டத்தின் விளிம்பிலிருந்து கோலுக்கு வர அரை நொடிக்கும் குறைவாகவே எடுக்கும். கண்டு, முடிவெடுத்து, கையைத் தூக்க அது போதாது. கோல்கீப்பர் பந்தைப் பார்க்கும் முன்னரே வீசுபவரின் இடுப்பையும் தோளையும் படித்துப் பாதி நகர்ந்துவிட்டிருப்பார். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷ் அந்தப் படிப்பில் தேர்ந்த கோல்கீப்பர். டிராக் பிளிக்கின் முழு முறுக்கையும் கீழ் முதுகு தாங்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அதை நூறு முறை வீசவைப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த வயதுக்கு நல்ல புஷ் போதும்.

குறுவட்டப் போட்டி நெருங்கும்போது பி.டி. சார்மீது ஒரு நெருக்கடி விழுகிறது. கெட்டிக்காரப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, தடுமாறும் பிள்ளையை இடது விங்கில் ஒதுக்கி, அதே இடத்தில் வருடக்கணக்கில் வைத்துவிடுவது பள்ளி அணிகளில் சாதாரணம். மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மைதானத்திலேயே கடினமான மூலைக்கு, உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளையை அனுப்புகிறோம். பந்து அவனுக்கு வருவதும் கோணல், அவன் அனுப்புவதும் கோணல். இரண்டு முறை தவறவிட்டதும் தோழர்கள் அவனுக்குப் பந்து தருவதை நிறுத்திவிடுகிறார்கள். பதினான்கு வயதுவரை யாருக்கும் நிரந்தர இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாரத்தில் ஒரு மாலையாவது, நடுக்களத்துக் கெட்டிக்காரன் உட்பட எல்லாரும் முறைவைத்து இடது விங்கில் ஆட வேண்டும். மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் இடப்பக்கமாக வந்து போட்ட கோலுக்கு மட்டும் இரண்டு புள்ளி என்று வைத்தால் போதும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் காலைச் சுற்றி வைத்துத் திரும்பவும், மட்டையைக் கவிழ்த்துத் தொடவும் தொடங்கிவிடுவார்கள். இதற்குச் செயற்கைத் தரை வேண்டாம், புது மட்டை வேண்டாம். நான்கு கூம்புகளும் ஒரு பந்தும் இருந்தால் நாளை மாலையே செய்து பார்க்கலாம்.